கம்யூனிஸ்டுகள் யாரை விவசாயி என்றார்கள்? தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை

நகரத்தில் இருந்து படிக்கிற பல பேருக்கு விவசாயி என்றால் ஒரே ஆள்தான். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி, வானத்தைப் பார்த்துக் கண்ணீர். டிவியில் அப்படித்தான் காட்டுறாங்க. எங்க காவிரிக் கடைமடையில் அந்த ஒரு வார்த்தைக்குள்ள நாலு ஆள் இருந்தாங்க.

முதல் ஆள் மிராசுதார். நூறு வேலி, இருநூறு வேலி என்று வைத்திருந்தவர். ஒரு வேலின்னா இருபது மா, நம்ம கணக்கில் ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அவர் வயலில் இறங்க மாட்டார், காரியக்காரர் பார்த்துக்குவார். கோயில், மடம் எல்லாமும் இந்தக் கணக்கில்தான் வரும். இரண்டாவது ஆள், சொந்தமா மூணு நாலு ஏக்கர் வைத்துக்கொண்டு தானும் உழுது, நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் விடுகிறவர். மூணாவது ஆள் குத்தகைக்காரர், வாரக்காரர். நிலம் இன்னொருத்தர் பேரில், பாடு இவர் பாடு. நாலாவது ஆள் பண்ணையாள். நிலமும் கிடையாது, குடியிருக்கிற மனையும் அவர் பேரில் கிடையாது. புருஷன், பெண்டாட்டி, மாடு மேய்க்கிற பையன் வரைக்கும் ஒரே பண்ணைக்கு உழைக்கணும்.

நான் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் நிற்கிற ஆள். ஒரு ஏக்கர் சொந்தம், ரெண்டு ஏக்கர் ஒரு மடத்துக் குத்தகை. எங்க அப்பா காலத்தில் பதிவான குத்தகை அது. இந்தக் கதையை நான் எங்கே நின்று சொல்றேன்னு உங்களுக்குத் தெரியணும், அதனால முதல்லயே சொல்லிட்டேன்.

"கம்யூனிஸ்ட் கட்சி விவசாயிக்கு நண்பனா எதிரியா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நாலு பேரில் யாருக்கு என்று திருப்பிக் கேட்காமல் அதுக்குப் பதில் சொல்ல முடியாது. கட்சியே எழுபது எண்பது வருஷமா திணறிய கேள்வி அது.

புத்தகம் என்ன சொல்லிச்சு?

கம்யூனிசம் ஆலைத் தொழிலாளியை வைத்து எழுதப்பட்ட தத்துவம். ஆலையில் முதலாளி ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம், கோடு தெளிவா இருக்கும். வயக்காட்டில் அந்தக் கோடு ஓடாது. காலையில் என் வயலில் நான் முதலாளி. மதியம் பக்கத்து வயலில் வரப்பு வெட்டப் போனா கூலியாள். சாயங்காலம் மடத்து ஆபீசில் குத்தகை பாக்கிக்கு நிற்கிறப்போ நான் யாரு?

ஏங்கெல்ஸ் 1894-ல் பிரான்ஸ், ஜெர்மனி விவசாயிகளைப் பற்றி எழுதினபோது இதைத்தான் பேசினார். சிறு விவசாயியின் நிலத்தை நாம் பலவந்தமா பிடுங்க மாட்டோம், கூட்டுறவு வழியைக் காட்டி இணைப்போம் என்றார். அதே நேரத்தில், உன் சிறு நிலத்தைக் காலத்துக்கும் காப்பாற்றித் தருவோம் என்று பொய் வாக்குறுதியும் கொடுக்கக் கூடாது என்றார். கூலிக்கு ஆள் வைத்து விவசாயம் செய்கிறவர் என்று வந்தால், கட்சி அந்தக் கூலியாள் பக்கம் நிற்கணும் என்பதுதான் அவர் கருத்து. லெனினும் பிறகு மாவோவும் இதை ஏணிப்படி மாதிரி அடுக்கினார்கள். பணக்கார விவசாயி, நடுத்தர விவசாயி, ஏழை விவசாயி, அதுக்குக் கீழே விவசாயக் கூலி.

நம்ம நாட்டில் அகில இந்திய கிசான் சபை 1936 ஏப்ரலில் லக்னோவில் தொடங்கியது. முதல் தலைவர் சுவாமி சகஜானந்த சரஸ்வதி, ஒரு சந்நியாசி. ஆரம்பத்தில் அதில் காங்கிரஸ்காரர், சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் எல்லாரும் இருந்தார்கள். ஜமீன்தார் முறை ஒழியணும், குத்தகை குறையணும், கடன் தள்ளுபடி வேணும் என்றெல்லாம் கேட்டார்கள். பெரும்பாலும் குத்தகைக்காரருடைய கோரிக்கைகள்தான். நாலாவது ஆளைப் பற்றிய பேச்சு அதில் குறைவு. அவனை நடுவில் நிறுத்தின இடம் எதுன்னா, எங்க கீழத்தஞ்சைதான்.

சவுக்கும் சாணிப்பாலும்

1940-களின் தொடக்கத்தில் பி. சீனிவாசராவ் இந்தப் பக்கம் வந்தார். கன்னடம் பேசும் பிராமணக் குடும்பத்துக்காரர். கட்சிதான் அனுப்பியது. இங்கே உள்ள பெரியவர்கள் அவரை 'சீனுவாசராவ்' என்றுதான் சொல்வாங்க. 1943-ல் மன்னார்குடி பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் அமைந்தது. மடத்து நிலம் இருந்த ஊர் அது. அங்கிருந்து களப்பால், திருத்துறைப்பூண்டி, நாகை என்று கொடி பரவியது.

அப்போ பண்ணையாள் வாழ்க்கை எப்படி இருந்ததுன்னு கேட்டா, ரெண்டு வார்த்தை போதும்: சவுக்கடி, சாணிப்பால். வேலைக்கு லேட்டா வந்தா சவுக்கடி. எதிர்த்துப் பேசினா மாட்டுச் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவாங்க. கூலி நெல்லை அளக்கிற மரக்கால் ஒண்ணு, குத்தகை நெல்லை அளந்து வாங்கற மரக்கால் இன்னொண்ணு. கூலி அளக்கிறது சின்னதா இருக்கும்.

1944-ல் மன்னார்குடியில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் சவுக்கடியும் சாணிப்பாலும் நிற்கணும் என்று எழுதினார்கள். இப்படி ஒரு விஷயத்தைக் காகிதத்தில் எழுதி, அதில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது பாருங்க. எந்த வேதனையை நிறுத்துறாங்க என்பது அந்த ஒரு வரியிலேயே தெரியும். நெல் கூலி எவ்வளவு கூடியது என்பதை விட இதைத்தான் இன்றைக்கும் சேரிப் பக்கத்துப் பெரியவர்கள் முதல்ல சொல்றாங்க. 'அடிக்கிறது நின்னுச்சு' என்பாங்க.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அந்தச் சங்கத்தில் பண்ணையாள் மட்டும் இல்லை, குத்தகைக்காரரும் இருந்தார். குத்தகைக்காரரில் பெரும்பாலோர் சாதி இந்துக்கள். பண்ணையாட்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஒரே தெருவில் நடக்க முடியாதவர்கள் ஒரே கொடிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். எதிரில் நின்றது ஒரே மிராசுதார், அதனால் அது நடந்தது. சீனிவாசராவ் ஒரு பிராமணர், சேரியில் படுத்து, சேரிக் கஞ்சி குடித்து அதை நடத்திக் காட்டினார்.

இதுக்குக் கொடுத்த விலையும் உண்டு. 1948-ல் அடக்குமுறை வந்தது, தலைவர்கள் தலைமறைவானார்கள். களப்பால் குப்பு அதே வருஷம் சிறையில் இறந்தார். வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் 1950 மே மாதத்தில் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே சமயத்தில் தெலங்கானாவில் நிஜாம் ஆட்சியையும் தேஷ்முக்குகளையும் எதிர்த்து ஆயுதப் போராட்டம் நடந்து, 1951-ல்தான் நின்றது.

சட்டம் வந்தது, பிரிவும் வந்தது

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கம்யூனிஸ்டுகள் பெரிய எதிர்க்கட்சியா வந்தார்கள். ராஜாஜி முதலமைச்சர் ஆனார். கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று சொன்ன அதே ராஜாஜிதான் அந்த ஆகஸ்டில் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புக்காக ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தார். நாடு முழுக்க இல்லை, தஞ்சை ஜில்லாவுக்கு மட்டும். எங்க மண்ணில் எவ்வளவு சூடு ஏறியிருந்ததுன்னு இதில் தெரியும்.

சட்டம் என்ன சொல்லிச்சு? குத்தகைக்காரருக்கு விளைச்சலில் அஞ்சில் ரெண்டு பங்கு. அதுக்கு முன்னால நாலில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிசு. அஞ்சு வருஷத்துக்குக் குத்தகைப் பாதுகாப்பு. பண்ணையாளுக்குக் கூலி நிர்ணயம், காரணம் இல்லாமல் விலக்கக் கூடாது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் உள்ளவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்றும் வைத்தார்கள்.

மேலே சொன்ன நாலு ஆட்களை இப்போ ஞாபகம் வைத்துக்கொண்டு படியுங்க. மூணாவது ஆளுக்கு இந்தச் சட்டம் கை கொடுத்தது. 1956-ல் நியாய வாரச் சட்டம் வந்து, நிலக்காரர் பங்கு நன்செய்யில் நூற்றுக்கு நாற்பது, சாகுபடி செய்கிறவருக்கு அறுபது என்று ஆனது. 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. எங்க அப்பா பேர் ஏறியது அதில்தான். அந்தப் பேர் ஏறலைன்னா இன்றைக்கு அந்த ரெண்டு ஏக்கரில் நான் இல்லை. சிவப்புத் துண்டு போட்டு எங்க குடும்பத்தில் யாரும் நடந்ததில்லை. ஆனாலும் அந்தத் துண்டு போட்டவர்கள் அடி வாங்கினதால் கிடைத்த நிலம் அது.

நாலாவது ஆள் கதை வேற மாதிரி போச்சு. பண்ணையாளுக்குச் சட்டம் பாதுகாப்பு கொடுத்ததுமே, மிராசுதார்கள் பண்ணையாளே வேண்டாம் என்று கணக்கைத் தீர்க்க ஆரம்பித்தார்கள். வருஷத்துக்கு வைத்துக் காப்பாற்ற வேண்டிய ஆள் போய், தினக்கூலி வந்தது. அடிமைத்தனம் போச்சு, அது நல்லது. கூடவே மழைக்காலத்தில் கொடுக்கிற கடன் நெல், கல்யாணம் காட்சிக்குக் கொடுக்கிற துணிமணி, வேலை உண்டு என்ற நிச்சயம் எல்லாமும் போச்சு. சுதந்திரமா இருந்தான், பட்டினியாவும் இருந்தான்.

அடுத்த மாற்றம் இன்னும் முக்கியம். குத்தகைப் பாதுகாப்பு கிடைத்தவர் இப்போ நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் விடுகிறவர் ஆனார். நேற்று வரைக்கும் மிராசுதாரிடம் பங்கு கேட்டவர், இன்றைக்குக் கூலி கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்தார். கொடிக்குக் கீழே பக்கத்தில் உட்கார்ந்திருந்த பண்ணையாள் இப்போ எதிரில் நின்று அரை மரக்கால் கூடக் கேட்கிறான். சாதியும் வேறே. கூட்டம் மெல்லப் பிரிந்தது. எங்க ஊரில் யாரும் சங்கத்தை விட்டு விலகறேன்னு கடிதம் கொடுக்கலை. கூட்டத்துக்குப் போறதை நிறுத்தினாங்க, அவ்வளவுதான்.

வெண்மணி

1960-களில் தஞ்சை ஜில்லாவை அரசாங்கம் தீவிர சாகுபடித் திட்டத்துக்கு எடுத்தது. ஏ.டி.டி. 27 என்ற குறுவை நெல் வந்தது. ஒருபோகம் ரெண்டுபோகம் ஆச்சு. உரம், மருந்து, பம்புசெட் என்று செலவு ஏறியது, விளைச்சலும் ஏறியது. குறுவை அறுப்பு மழைக்கு முன்னால் முடியணும், உடனே தாளடி நடணும். அந்தப் பத்துப் பதினைந்து நாளில் ஆள் இல்லைன்னா நிலக்காரருக்கு நஷ்டம். கூலியாளுக்கு வாய் திறக்க முடிந்த நாளும் அதுதான். சங்கம் அந்த நேரத்தில்தான் கூலி உயர்வு கேட்டது. நிலக்காரர்கள் வெளியூர் ஆளை இறக்கினார்கள். மோதல் வந்தது.

நிலக்காரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்தார்கள். அந்தப் பேரைக் கவனியுங்க. மிராசுதார் சங்கம் என்று பேர் வைக்கலை. 'உற்பத்தியாளர்' என்ற வார்த்தைக்குள்ள இருநூறு வேலிக்காரரும் வரலாம், மூணு ஏக்கர்க்காரரும் வரலாம். நாகை வட்டாரத்தில் அதுக்குத் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் நடந்த மோதலில் நிலக்காரர் தரப்பு ஆள் ஒருவர் இறந்தார். ராத்திரி தெருவுக்குள் புகுந்து தாக்கினார்கள். ராமையாவின் குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்களை வெளியில் பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லாரும் தலித் கூலி மக்கள்.

அரைப்படி நெல் கூலிக்காக என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். கூலி ஒரு காரணம், சரிதான். ஆனால் அதுக்கு முன்னால் பல மாசமா அந்த மக்களிடம் கேட்டது வேறே: செங்கொடியை இறக்கு, எங்க சங்கத்தில் சேரு. அரைப்படி நெல்லை எந்த நிலக்காரரும் தாங்கிக்குவார். 'கூலியை நீ சொல்ல முடியாது, நாங்க உட்கார்ந்து பேசணும்' என்று கூலியாள் சொன்னதைத்தான் தாங்க முடியலை.

கீழ்க்கோர்ட்டு நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் தண்டனை கொடுத்தது. மேல்கோர்ட்டு விடுதலை செய்தது. காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற தோரணையில் அந்தத் தீர்ப்பு இருந்தது. 1980 டிசம்பரில் நாயுடு கொல்லப்பட்டார்.

வெண்மணிக்குப் பிறகு அரசாங்கம் கணபதியா பிள்ளை கமிஷன் போட்டது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, அதுவும் கீழத்தஞ்சைக்குத்தான். நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரில் இருந்து 15 ஆனது. 1971-ல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்து, பண்ணைக்காரர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த மனை சொந்தமாச்சு. என்னைக் கேட்டா, எங்க பக்கம் கூலி மக்களை நிமிர வைத்ததில் அந்த மனைப்பட்டாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 'என் மனையை விட்டு எறங்கு' என்று மிரட்ட முடியாமல் போச்சு.

ஒரு சங்கமா, ரெண்டு சங்கமா?

கட்சிக்குள்ளும் இந்தக் கேள்வி வந்தது. கூலியாளும் கூலி கொடுக்கிற சிறு விவசாயியும் ஒரே சங்கத்தில் இருந்தா, கூலியாள் குரல் எடுபடாது. தனித்தனியா வைத்தா, ஒருத்தரை ஒருத்தர் எதிர்த்துக்கொண்டு பெரிய நிலக்காரர் தப்பிச்சுக்குவார். 1964-ல் கட்சியே ரெண்டாப் பிரிந்துவிட்டது. வலது கட்சி 1968-ல் பஞ்சாபில் மோகா என்ற ஊரில் விவசாயத் தொழிலாளருக்குத் தனி அமைப்பு தொடங்கியது. மார்க்சிஸ்டுகள் அகில இந்திய அளவில் தனிச் சங்கம் வைக்க 1982 ஆச்சு.

கட்சி ஆண்ட மாநிலங்களில் ரெண்டு, ரெண்டு வழி போச்சு. இதை எங்க பக்கம் அதிகம் பேசறதில்லை, அதனால கொஞ்சம் சொல்றேன்.

கேரளாவில் 1957-ல் ஈ.எம்.எஸ். ஆட்சிக்கு வந்த முதல் வாரமே குத்தகைக்காரரை வெளியேற்றத் தடை போட்டார்கள். நிலச்சட்டம் கொண்டுவந்ததும், வேற சில விஷயங்களும் சேர்ந்து 1959-ல் ஆட்சி கலைக்கப்பட்டது. கடைசியில் 1970 ஜனவரி 1 முதல் அங்கே குத்தகை முறையே ஒழிந்தது. குத்தகைக்காரர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார். ஆனால் நாலாவது ஆளுக்கு, அங்கேயும் பெரும்பாலும் தலித்துக்கு, கிடைத்தது குடிசை போட்ட மனை மட்டும்: பஞ்சாயத்தில் 10 சென்ட். உழுதவனுக்கு நிலம் என்ற கோஷத்தில் உழுதவன் யாருன்னு பார்த்தா, குத்தகைச் சீட்டு வைத்திருந்தவன். நிஜமா ஏர் பிடிச்சவன் வெளியே நின்னான்.

அதுக்கு ஈடாக் கூலியைக் கெட்டியா பிடித்தார்கள். 1968-லேயே அங்கே தனித் தொழிலாளர் சங்கம். 1974-ல் விவசாயத் தொழிலாளர் சட்டம் வந்து வேலை நேரம், கூலி, சேமநிதி எல்லாம் எழுத்தில் வந்தது. நாட்டிலேயே கூலி அதிகம் உள்ள மாநிலம் அது. எங்க ஊர்ப் பசங்க கொத்து வேலைக்கு ரயில் ஏறி அங்கே போறது அதனாலதான். ஆனால் நெல் விவசாயி தாக்குப்பிடிக்கலை. தென்னை, ரப்பர், வாழை என்று மாறினார், இல்லைன்னா தரிசு போட்டார். 1970-களின் நடுவில் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேர் அளவில் இருந்த நெல், இப்போ ரெண்டு லட்சம் ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டது. கூலி மட்டுமே காரணம் இல்லை. நில விலை, வெளிநாட்டுப் பணம், சின்னச் சின்னத் துண்டு நிலம் எல்லாம் சேர்ந்தது. 1997-ல் தொழிலாளர் சங்கம், நெல் வயலை மாற்றிப் போட்ட பயிர்களை வெட்டிச் சாய்க்கும் போராட்டம் நடத்தியது. வயல் போனா வேலை போச்சுங்கிறது அவங்க நியாயம். வாழை போட்டவனுக்கு அவன் வயிறு நியாயம். 2008-ல் நெல் வயல் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

மேற்கு வங்காளம் வேற வழி. அங்கே 1946-லேயே தெபாகா போராட்டம், விளைச்சலில் மூணில் ரெண்டு பங்கு வாரக்காரருக்கு வேணும் என்று. 1977-ல் இடதுசாரிகள் ஆட்சி வந்ததும், 1978-ல் இருந்து 'ஆபரேஷன் பர்கா'. அதிகாரிகள் ஊர் ஊரா முகாம் போட்டு வாரக்காரர் பேரைப் பதிந்தார்கள். சுமார் 14 லட்சம் பேர் பதிவானார்கள். நிலக்காரர் இனி விரட்ட முடியாது. பெரிய காரியம் அது. ஆனால் கூலியாளுக்கு ரொம்ப காலம் தனிச் சங்கம் வைக்கலை, கிசான் சபைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அங்கே பெரும்பாலும் கூலி கொடுத்தது சிறு, நடுத்தர விவசாயிதான். அவர்தான் கட்சியின் ஓட்டும்கூட. ரெண்டு பேரையும் மோத விடாமல் சமாதானமா ஓட்டினார்கள்.

அந்தச் சமாதானம் 2006-ல் சிங்கூரில் உடைந்தது. கார் தொழிற்சாலைக்காக ஆயிரம் ஏக்கர் அளவு நிலம் எடுத்தார்கள். நிலக்காரருக்குப் பணம். பதிவான வாரக்காரருக்கு அதில் ஒரு பங்கு. பதியாத வாரக்காரருக்கும் கூலியாளுக்கும் என்ன? 2007 மார்ச் 14 அன்று நந்திகிராமில் போலீஸ் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். நிலத்தைக் கொடுத்த கட்சியே நிலத்தை எடுக்க வந்ததை அந்த மக்கள் மன்னிக்கலை. 2011-ல் 34 வருஷ ஆட்சி போச்சு. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சிங்கூர் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. விவசாயம் ஒரு பழைய கட்டம், தொழில்தான் அடுத்த கட்டம் என்று புத்தகத்தில் படித்தவர்களுக்கு, வயல் ஒருத்தனுக்கு என்னவென்று புரியாமப் போனதுதான் அங்கே நடந்தது என்பது என் எண்ணம்.

இப்போ எங்க ஊர்க் கணக்கு

எங்க பக்கம் அறுவடை மிஷின் முதலில் வந்தபோது, ஆள் பிழைப்பு போகுதுன்னு எதிர்த்துக் கொடி பிடித்தார்கள். நானும் பார்த்திருக்கேன். இன்றைக்கு எதிர்க்க ஆளே இல்லை. கூலியாள் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போயாச்சு. நூறு நாள் வேலை 2006-ல் நாகை ஜில்லாவுக்கும் அடுத்த வருஷம் எங்க திருவாரூருக்கும் வந்தபோது, 'ஆள் கிடைக்கலை, கம்யூனிஸ்டுகள் ஆளைக் கெடுத்துட்டாங்க' என்று டீக்கடையில் சிறு விவசாயிகள் புலம்பினார்கள். இன்னும் புலம்புறாங்க. அறுபது வயசுப் பெண்மணி என் வயலுக்கு வராம நூறு நாள் வேலைக்குப் போனா, அவங்களுக்கு அங்கே ஏச்சுப் பேச்சு இல்லாத ஒரு கூலி கிடைக்குது. என் வயலுக்குக் கூப்பிடணும்னா அதைவிட நல்லதா நான் கொடுக்கணும். அவ்வளவுதான் விஷயம்.

கூலிதான் விவசாயியைச் சாகடிக்குதுங்கிறது உண்மையான்னு என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். சம்பா, ஒரு ஏக்கர். உழவு, உரம், மருந்து, அறுவடை மிஷின் எல்லாம் தனி. நடவு, களை, வரப்பு, தூக்குக்கூலி என்று மனுசக் கையில் போனது பத்தாயிரம் ரூபாய் அளவு. அது பத்தில் ஒரு பங்கு ஏறினா ஆயிரம் ரூபாய். எனக்கு ஏக்கருக்கு விளைஞ்சது 18 குவிண்டால். குவிண்டாலுக்கு 55 ரூபாய் விலை ஏறினா அந்த ஆயிரம் வந்துடும். அதே நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கிறப்போ மழை பேஞ்சு, ஈரப்பதம் கூடி, தனியாரிடம் 300 ரூபாய் குறைச்சு விற்றா 5,400 ரூபாய் போச்சு. கூலிக்காரி கேட்டது ஆயிரம், ஒரு மழைநாள் எடுத்தது அஞ்சாயிரத்துச் சொச்சம். நாம யாரிடம் சண்டை போடுறோம்?

இதைக் கட்சிக்காரர்களும் லேட்டாத்தான் கையில் எடுத்தார்கள். எழுபதுகளில் கோயம்புத்தூர்ப் பக்கம் நாராயணசாமி நாயுடு தலைமையில் கரண்டு கட்டணத்துக்கும் விலைக்கும் விவசாயிகள் எழுந்தபோது, இது பணக்கார விவசாயி இயக்கமா என்று இடதுசாரிகள் தயங்கி நின்றார்கள். இப்போ உற்பத்திச் செலவோடு பாதி சேர்த்து விலை கொடு என்பது அவர்களுடைய முக்கியமான கோரிக்கை. 2018 மார்ச்சில் நாசிக்கில் இருந்து மும்பைக்குக் கிசான் சபை நடத்திய நடைப்பயணமும், 2020-21-ல் டெல்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்ததில் அவர்கள் பங்கும் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

என் கருத்தைச் சொல்லிடறேன். எங்க மண்ணில் நாலாவது ஆளை மனுஷனா நிற்க வைத்தது கம்யூனிஸ்டுகள். இதை எந்தக் கட்சிக்காரர் மறைத்தாலும் வெண்மணித் தூண் அங்கேயே நிற்குது. மூணாவது ஆளுக்குக் குத்தகையைப் பத்திரமாக்கியதும் அவர்கள் கொடுத்த நெருக்கடிதான். ஆனால் அந்த மூணாவது ஆள் கொஞ்சம் தலைதூக்கி, தானும் ரெண்டு பேருக்குக் கூலி கொடுக்க ஆரம்பித்த பிறகு அவரை எந்த இடத்தில் வைக்கறதுன்னு அவர்களுக்கு நீண்ட காலம் தெரியலை. அவரும் அவருடைய சாதியையும் மூணு ஏக்கரையும் நினைத்துக்கொண்டு, இருநூறு வேலிக்காரரோடு 'உற்பத்தியாளர்' பலகைக்குக் கீழே போய் நின்றார். ரெண்டு பக்கமும் சேர்ந்து செய்த பிரிவு இது. அதுக்கான விலையில் பெரும் பகுதியை நாலாவது ஆள்தான் கொடுத்தான்.

போன மாசம் எங்க கடைத்தெருவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து போட்டது. நெல்லுக்கு விலை, கூலி உயர்வு, ரெண்டும் ஒரே தாளில். கூட்டத்துக்குப் போனேன். எண்பது பேர் இருக்கும். அதில் நிலம் வைத்திருக்கிற ஆள் பத்துப் பன்னிரண்டு பேர். விலை கேட்டுக் கோஷம் போட்டவர்களில் பெரும்பாலோர் விற்க ஒரு படி நெல் இல்லாத கூலிக்காரப் பெண்கள். அடுத்த கூட்டம் அறுப்பு முடிந்ததும். தெரிந்த சிறு விவசாயிகள் நாலு பேரைக் கூப்பிட்டிருக்கேன். ரெண்டு பேர் வரேன்னு சொல்லியிருக்காங்க.